அமீரகத்திற்கு விசிட் விசா: குறைந்த செலவில், ஏமாறாமல், பொய் சொல்லாமல்

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கிவிட்டால் நம் ஊர்களில் ஒரு பேச்சு ஆரம்பமாகிவிடும். "துபாய்க்கு விசிட் எடுக்க எவ்வளவு ஆகும்?" கணவர் அங்கே வேலை பார்க்கிறார், பிள்ளைகள் வாப்பாவைப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது. அல்லது மகன் ஷார்ஜாவில் வீடு எடுத்திருக்கிறான்; வயதான பெற்றோரை ஒரு மாதம் தன்னுடன் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான். சபுர் என்பது நம் சமுதாயத்தின் பல குடும்பங்களுக்குத் தலைமுறை வழக்கம். அந்தப் பிரிவின் நடுவே கிடைக்கும் ஒரு மாத சந்திப்புதான் இந்த விசிட் விசா.

விசாரித்தால் ஒவ்வொரு டிராவல்ஸும் ஒவ்வொரு விலை சொல்கிறது. ஒரே 30 நாள் விசாவுக்கு ஒருவர் சொல்வதைப் போல ஒன்றரை மடங்கு இன்னொருவர் சொல்கிறார். எது நியாயமான விலை, எதில் மோசடி இருக்கிறது, எந்த இடத்தில் நாமே மார்க்க வரம்பை மீறுகிறோம் என்பது தெரியாமல் பணம் கட்டுபவர்களே அதிகம். அதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

விசாவை யார் கொடுக்கிறார்கள்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஏழு அமீரகங்கள் உள்ளன. துபாய்க்கான விசாக்களை ஜி.டி.ஆர்.எஃப்.ஏ எனப்படும் துபாய் குடியேற்றத் துறை வழங்குகிறது. அபுதாபி, ஷார்ஜா, அஜ்மான் உள்ளிட்ட மற்ற ஆறுக்கும் ஐ.சி.பி எனப்படும் கூட்டாட்சி ஆணையம் வழங்குகிறது. விசா வழங்கும் அதிகாரம் இந்த இரண்டு அரசுத் துறைகளுக்கு மட்டுமே உண்டு. நம் ஊர் டிராவல்ஸ்காரர் விசா 'அடிப்பதில்லை'. விண்ணப்பத்தை அனுப்பி வைக்கிறார், அவ்வளவுதான்.

சுற்றுலா விசாவுக்கு அமீரகத்தில் உரிமம் பெற்ற ஒரு சுற்றுலா நிறுவனமோ, விமான நிறுவனமோ, ஹோட்டலோ பொறுப்பேற்க வேண்டும். அந்த நிறுவனத்திடமிருந்து இந்தியாவின் பெரிய ஏஜென்சி வாங்குகிறது. அதனிடமிருந்து மாவட்டத் தலைநகரின் ஏஜென்சி. அதனிடமிருந்து நம் ஊர் கடை. ஒவ்வொரு படியிலும் ஒரு கமிஷன் சேரும். விலை வித்தியாசத்திற்கு முக்கியக் காரணம் இதுதான். விசா என்னவோ ஒன்றுதான். அது எத்தனை கை மாறி வருகிறது என்பதில்தான் வேறுபாடு.

எனவே முதல் கேள்வி, "எவ்வளவு?" என்பதாக இருக்கக் கூடாது. "இதில் அரசுக் கட்டணம் எவ்வளவு, காப்பீடு எவ்வளவு, உங்கள் சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு?" என்று பிரித்துக் கேளுங்கள். நேர்மையான வியாபாரி இதற்குக் கோபப்பட மாட்டார்.

உங்களுக்குப் பொருந்தும் வழி எது?

முதல் வழி, அங்கே குடியிருக்கும் உறவினர் நேரடியாக விண்ணப்பிப்பது. கணவரோ மகனோ தன் எமிரேட்ஸ் ஐடியைக் கொண்டு ஐ.சி.பி அல்லது ஜி.டி.ஆர்.எஃப்.ஏ இணையதளம் வழியாகவோ, அங்குள்ள டைப்பிங் சென்டர் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். இடைத்தரகர்கள் குறைவதால் செலவும் குறையும். ஆனால் அழைப்பவருக்கு வருமான வரம்பு உண்டு. 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட விதிப்படி பெற்றோர், மனைவி, மக்கள் போன்ற நெருங்கிய உறவினரை அழைக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹம் இருக்க வேண்டும். அடுத்த நிலை உறவினருக்கு 8,000. நண்பரை அழைக்க 15,000. உறவுக்கான சான்றும் கேட்கப்படும். திரும்பப் பெறக்கூடிய பிணைத்தொகை கட்டச் சொன்னால், அதைத் திரும்பப் பெறும் முறையையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலர் கட்டியதோடு மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வழி, விமான நிறுவனம். அமீரகத்தின் விமான நிறுவனங்கள் தம்மிடம் டிக்கெட் எடுப்பவர்களுக்கு விசா சேவையும் தருகின்றன. கட்டணம் அவர்கள் தளத்திலேயே வெளிப்படையாக இருக்கும். டிராவல்ஸில் பேசும் முன் இதைப் பார்த்து வைத்துக்கொண்டால், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும்.

மூன்றாவது, ஏஜென்சி. அழைக்கும் உறவினரின் சம்பளம் போதாதவர்களும், உறவினரே இல்லாமல் சுற்றிப் பார்க்கச் செல்பவர்களும் இந்த வழியில்தான் செல்கிறார்கள்.

இவை தவிர, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரிடம் அமெரிக்க விசா அல்லது கிரீன் கார்டு, பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விசா அல்லது குடியிருப்பு அனுமதி செல்லுபடியாகும் நிலையில் இருந்தால், அமீரக விமான நிலையத்தில் இறங்கியதும் 14 நாள் விசா பெறலாம். இதன் கட்டணம் 100 திர்ஹம். 2025 பிப்ரவரியில் இந்தச் சலுகை சிங்கப்பூர், ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளின் அனுமதி உள்ளவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. சிங்கப்பூரில் குடியிருப்பு உரிமையுடன் இருக்கும் நம்மவர்கள் துபாய் வழியாக உம்ராவுக்குச் செல்லும்போது ஏஜென்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டும்.

வருடத்திற்கு இரண்டு மூன்று முறை போய் வருபவர்களுக்கு ஐந்து ஆண்டு பலமுறை நுழைவு சுற்றுலா விசாவும் உள்ளது. அதற்குக் கடந்த ஆறு மாதங்களில் வங்கியில் 4,000 டாலர் அல்லது அதற்குச் சமமான இருப்பைக் காட்ட வேண்டும். ஒரு முறைக்கு 90 நாள் வரை தங்கலாம்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்?

நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சுற்றுலா விசா பொதுவாக 30 நாள், 60 நாள் என்று கிடைக்கிறது. "முதலில் 30 எடுப்போம், பிறகு நீட்டித்துக்கொள்வோம்" என்று போனால், நீட்டிப்புக் கட்டணத்தோடு சேர்த்துப் பெரும்பாலும் 60 நாள் விசாவை விட அதிகமாகவே செலவாகும். 35 நாள் தங்குவதாக இருந்தால், பள்ளி திறக்கும் தேதியைப் பார்த்து 28 நாளாகக் குறைக்க முடியுமா என்று யோசியுங்கள். முடியாவிட்டால் முதலிலேயே 60 எடுங்கள்.

பிள்ளைகளின் கட்டணத்தைத் தனியாகக் கேளுங்கள். பெற்றோருடன் வரும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை விசா கட்டணம் இல்லை என்று அமீரக அரசு 2018-ல் அறிவித்தது. ஏஜென்சிகள் சர்வீஸ் சார்ஜும் காப்பீடும் வாங்குவார்கள். ஆனால் பெரியவர்களுக்கான முழுத் தொகையையே பிள்ளைகளுக்கும் போட்டால் காரணம் கேளுங்கள்.

அவசரக் கட்டணத்தைத் தவிருங்கள். பயணத்திற்கு நான்கு நாள் முன்பு ஓடினால் 'எக்ஸ்பிரஸ்' என்று கூடுதலாகக் கட்ட வேண்டி வரும். இரண்டு மூன்று வாரத்திற்கு முன்பே விண்ணப்பித்தால் அந்தச் செலவு இல்லை.

விசா நிராகரிக்கப்பட்டால் கட்டிய பணம் பொதுவாகத் திரும்ப வராது. ஆகவே விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் அனுப்புவதே பெரிய சிக்கனம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். போட்டோவும் ஸ்கேன் பிரதியும் தெளிவாக இருக்க வேண்டும். மங்கலான செல்போன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அது நிராகரிக்கப்பட்டு, பணம் போனவர்கள் உண்டு.

இதில் நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பெயர். தமிழர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்து, ஒரே பெயர் மட்டும் அச்சாகியிருப்பது சாதாரணம். 2022 நவம்பரில் அமீரகம் இத்தகைய ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட், சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தது. பின்னர், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று தளர்த்தியது. உங்கள் உம்மாவின் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். திருத்தம் தேவையென்றால் அதற்கு நாள் பிடிக்கும்.

டிக்கெட்டைப் பொறுத்தவரை, திரும்பி வரும் டிக்கெட்டும் தங்கும் இடத்திற்கான சான்றும் இப்போது விசாவுக்கே கேட்கப்படுகின்றன. எனவே ரத்து செய்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும் வகை டிக்கெட்டை எடுங்கள். மிக மலிவானது என்று திருப்பித் தராத டிக்கெட்டை எடுத்துவிட்டு, விசா வராமல் போனால் இரட்டை நஷ்டம்.

மோசடியை எப்படி அறிவது?

விசா பிரதி கைக்கு வந்ததும் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அதில் நுழைவு அனுமதி எண் இருக்கும். துபாய் விசா என்றால் ஜி.டி.ஆர்.எஃப்.ஏ தளத்திலும், மற்றவை என்றால் ஐ.சி.பி தளத்திலும் அந்த எண்ணையும் பாஸ்போர்ட் விவரங்களையும் கொடுத்துச் சரிபார்க்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. பழைய விசாவில் பெயரையும் போட்டோவையும் மாற்றி அச்சடித்துக் கொடுக்கும் போலிகள் இந்த ஒரு சோதனையில் பிடிபட்டுவிடுவார்கள்.

இது மின்னணு விசா. பாஸ்போர்ட்டின் ஸ்கேன் பிரதி போதும். அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பவரிடம் காரணம் கேளுங்கள். "100 சதவீதம் விசா கேரண்டி" என்பவரிடமிருந்து விலகுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் அந்நாட்டு அரசின் முடிவு. பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். "நம்ம ஆளுதானே, ரசீது எதற்கு?" என்று கூச்சப்பட வேண்டாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் எவ்வளவு விரிவாகப் பேசுகிறது என்பதை நாம் அறிவோம். எழுதிக்கொள்வது சந்தேகப்படுவது ஆகாது. உறவைப் பாதுகாக்கும் வழி அது. இணையம் வழியாகப் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

"விசிட்டில் போ, வேலை பார்த்துக்கலாம்"

நம் இளைஞர்களைக் கவிழ்க்கும் வாசகம் இது. விசிட் விசாவில் போவது மலிவு. வேலை விசாவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். உண்மையில் நடப்பது என்ன?

விசிட் விசாவில் வேலை செய்வது அமீரகச் சட்டப்படி குற்றம். 2024-ல் திருத்தப்பட்ட தொழிலாளர் சட்டத்தின்படி, உரிய அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம். மாட்டிக்கொள்பவர் நாடு கடத்தப்படலாம். சம்பளம் தராவிட்டால் கேட்பதற்கு அவரிடம் வேலை ஒப்பந்தமும் இல்லை.

விசா காலாவதியானால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். நான்கு பேர் கொண்ட குடும்பம் 10 நாள் அதிகம் தங்கினால் 2,000 திர்ஹம். நம் பணத்தில் 40,000 ரூபாய்க்கு மேல். விசாவில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். தனி ஆள் 100 நாள் ஒளிந்து வாழ்ந்தால் 5,000 திர்ஹம். கையில் காசில்லாமல், அபராதம் கட்ட முடியாமல், மய்யித்துக்குக்கூட ஊர் வர இயலாமல் தவிப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரகம் பொதுமன்னிப்பு வழங்கியது. அது எப்போதும் கிடைப்பதல்ல. சுற்றுலா விசாவுக்குப் பொறுப்பேற்ற நிறுவனம், திரும்பாதவர் மீது தலைமறைவுப் புகார் கொடுக்கும். அந்தச் சுமை அவருக்கு ஜாமீன் நின்ற உறவினர் மீதும் விழும்.

முறையான வழி வேறு. வேலை தேடவே செல்ல விரும்பும் பட்டதாரிகளுக்கு, யாருடைய ஸ்பான்சரும் இல்லாத வேலை தேடும் விசா 60, 90, 120 நாள்களுக்கு உள்ளது. தகுதிகள் கடுமையானவை என்றாலும் அது நேர்வழி. வேலை உறுதியானால் முதலாளியே அனுமதி எடுக்க வேண்டும். பணியமர்த்தும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்க அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. நம் நாட்டில், பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி-யும். முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு முடிக்காததால் இ.சி.ஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். விசிட்டில் போவதென்றால் அந்த அனுமதி தேவையில்லை என்ற ஓட்டையைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்த அனுமதியோடு கிடைக்கும் 10 லட்சம் ரூபாய் காப்பீட்டையும் தொழிலாளி இழக்கிறார்.

தாய்லாந்துக்குச் சுற்றுலா என்று அழைத்துப்போய், மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வேலை வாங்கப்பட்ட இந்திய இளைஞர்களின் செய்திகளையும் படித்தோம். அவர்களில் தமிழர்களும் இருந்தனர். நாடு மாறினாலும் தூண்டில் ஒன்றுதான்: "சுற்றுலா விசாவில் வா, வேலை தருகிறேன்."

மார்க்கம் என்ன சொல்கிறது?

விசா என்பது ஓர் ஒப்பந்தம். "இன்ன நோக்கத்திற்காக, இத்தனை நாள், இந்த நிபந்தனைகளுடன் வருகிறேன்" என்று நாம் சொல்கிறோம். அதை நம்பி அவர்கள் உள்ளே விடுகிறார்கள். முற்கால ஃபிக்ஹ் நூல்கள் இதை 'அமான்' என்ற தலைப்பில் பேசுகின்றன. பாதுகாப்பு வாக்குறுதி பெற்று ஒரு நாட்டில் நுழைபவர் அங்கே மோசடி செய்யக் கூடாது என்பது ஃபுகஹாக்களின் தெளிவான கருத்து. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது.

ஆகவே போலி ஹோட்டல் முன்பதிவு, போலி டிக்கெட், இரண்டு நாளைக்கு மட்டும் கடன் வாங்கி நிரப்பிய வங்கிக் கணக்கு, இல்லாத உறவைக் காட்டும் சான்றிதழ் ஆகியவற்றை "எல்லோரும் செய்வதுதானே" என்று கடந்துவிட முடியாது. அவை பொய். மாட்டினால் விசா தடை. மாட்டாவிட்டாலும் அல்லாஹ்விடம் கணக்கு.

வட்டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "இப்போது பறங்கள், பிறகு கட்டுங்கள்" என்ற வட்டித் தவணைகளும், நகையை வட்டிக்கு அடகு வைப்பதும் இத்தகைய பயணங்களுக்காகப் பெருகி வருகின்றன. ஒரு மாத சந்திப்பு ஆசைக்குரியது, கடமையானது அல்ல. கடமையான ஹஜ்ஜுக்கே வசதி நிபந்தனையாக்கப்பட்டிருக்கும்போது, சுற்றுலாவுக்காக வட்டிக்குள் நுழைவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆறு மாதம் தள்ளிப்போட்டு, மாதாமாதம் கொஞ்சம் சேர்த்துப் போகலாம்.

டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. தரகுக் கூலி ஹலால். ஸஹீஹுல் புகாரியில் தரகர் கூலிக்கென்றே ஒரு பாடம் உண்டு. ஆனால் சொன்ன விலை ஒன்று, மறைத்த செலவு ஒன்று என்றாகும்போதும், நிராகரிக்கப்படும் என்று தெரிந்தே விண்ணப்பத்தை அனுப்பும்போதும் அந்தக் கூலி சுத்தமாக இருக்காது. "பணம் திரும்ப வராது" என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல. உங்கள் ரிஸ்குக்கான பாதுகாப்பும்கூட.

புறப்படும் முன்

பெட்டியில் கசகசா வைக்காதீர்கள். நம் குருமாவுக்குப் போடும் அதே கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். பேத்திக்குச் சமைத்துப் போட ஆசையாக மசாலா கட்டிச் செல்லும் பாட்டிமார்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. முன் அனுமதி பெற வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் மருத்துவரின் சீட்டைக் கூடவே வையுங்கள்.

தொழுகையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஓர் ஊரில் 15 நாள் அல்லது அதற்கு மேல் தங்கும் நிய்யத் இருந்தால் ஹனஃபி மத்ஹபின்படி அங்கே முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின்படி, போய்ச் சேரும் நாளையும் புறப்படும் நாளையும் சேர்க்காமல் நான்கு நாள் தங்கும் நிய்யத் இருந்தாலே கஸ்ரு கிடையாது. மாதக் கணக்கில் மகன் வீட்டில் தங்குபவர் இரு மத்ஹபுகளின்படியும் முகீம்தான். பெண்கள் மஹ்ரம் இல்லாமல் தனியாகப் புறப்படும் நிலை வந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே உங்கள் ஊர் ஆலிமிடம் நிலைமையைச் சொல்லித் தெளிவு பெறுங்கள்.

விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுகின்றன. போன வருடம் பக்கத்து வீட்டார் போன முறையை நம்பாமல், விண்ணப்பிக்கும் அன்று அதிகாரபூர்வத் தளத்தைப் பாருங்கள்.

கடல் தாண்டிப் பிரிந்திருக்கும் நம் குடும்பங்களை வல்ல அல்லாஹ் ஹலாலான வழியில், நிம்மதியோடு சந்திக்க வைப்பானாக! போகும் பயணத்திலும் திரும்பும் பயணத்திலும் பாதுகாப்பைத் தருவானாக! ஆமீன்.